நம்பர் சரி, எஞ்சின் வேறு: 1969 கமேரோ வாங்கி ஏமாந்தேன்

அமெரிக்காவில் பழைய மசில் கார் (பெரிய எஞ்சினோடு வேகத்துக்காகச் செய்த கார்) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதுவும் "நம்பர்ஸ் மேட்சிங்" (காரோடு பிறந்த அதே எஞ்சின், எண்கள் பொருந்துகின்றன) என்று போட்ட விளம்பரத்தைப் பார்த்து மனசு இளகியவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 74,000 டாலர் கொடுத்தபிறகுதான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசையாக வரும் நாளுக்காகப் பதினோரு வருஷமாக மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை கார் போனாலும் என் கண் தேடுவது ஷெவர்லேயின் 1969 கமேரோ இசட் 28ஐத்தான். அன்றைய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதற்காகவே 4 அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்று ஷெவர்லே செய்த 302 கன அங்குல எஞ்சின் 1967 முதல் 1969 வரை இந்தக் காருக்கு மட்டுமே கிடைத்தது. 1968, 1969 இரண்டு வருஷமும் பந்தய ஓட்டுநர் மார்க் டானஹ்யூ பட்டம் வென்றது கமேரோவில்தான். 1969 மாடலில் 20,302 இசட் 28கள் வந்தன. வாங்கியவர்களில் பலர் விரட்டி ஓட்டி எஞ்சினை உடைத்தார்கள். அதனால்தான் பிறந்தபோது இருந்த எஞ்சினோடு ஒன்று கிடைத்தால் அத்தனை மதிப்பு.

ஓஹாயோவில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் அப்படி ஒன்று விளம்பரத்துக்கு வந்தது. எஞ்சின் நம்பரை நெருக்கத்தில் எடுத்த போட்டோ, வாரண்டி புத்தகத்தோடு வரும் உலோகத் தகடு, எல்லாம் இருந்தன. நேரில் போய் ஓட்டிப் பார்த்தேன். கியர் விழுந்த விதமும் அந்தச் சத்தமும் இன்னும் காதில் இருக்கிறது. டெக்சாஸிலிருந்து ஒருவர் நாளைக்குப் பணம் போடுகிறார் என்றார் விற்பனையாளர். வீட்டுக்கு வரும் வழியில் என் நண்பன் போனில் சொன்னான்: "அண்ணா, பணம் போடறதுக்கு முன்னாடி விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. ஐநூறு டாலர் செலவாகும், அவ்வளவுதான்." நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பணம் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து, சின்ன எண்ணெய்க் கசிவு என்று ஃப்ளின்ட் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சினின் வலது முன்பக்கம், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், சிலிண்டர் ஹெட்டை ஒட்டி ஒரு சின்ன சமதளம் இருக்கும். நம்பர் குத்துவது அங்கேதான். துணியில் கிளீனரை நனைத்து அங்கிருந்த ஆரஞ்சு பெயின்டை மெதுவாகத் துடைத்து எடுத்தார். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன: வி 0206 டிஇசட். அதாவது ஃப்ளின்ட் தொழிற்சாலையில் பிப்ரவரி 6 அன்று பாகங்களைச் சேர்த்து முடித்த 302 எஞ்சின். பக்கத்தில் என் காரின் வரிசை எண். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, எழுத்துகளுக்கு நடுவே உள்ள உலோகத்தைக் காட்டினார். தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சீவும்போது முன்னிருந்து பின்னாக மயிரிழை போல நேர்கோடுகள் விழும். என்னுடையதில் வட்ட வட்டமாகக் கீறல்கள்தான் இருந்தன. யாரோ பழைய நம்பரைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள்.

நியாயமாக எஞ்சின் வேலை செய்தவர்கள்கூடச் சில நேரம் அந்தப் பரப்பைச் சீவிவிடுவார்கள், அப்போதும் கோடுகள் போய்விடும். அதனால் பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியை எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) கீழே நீட்டினார். எஞ்சினின் இரும்பு உடலை வார்க்கும்போதே அதில் பதியும் வார்ப்பு எண் 3970010. 302க்கு அது சரிதான், ஆனால் அதே வார்ப்பில் 350 எஞ்சின்கள் வருஷக்கணக்கில் வந்திருக்கின்றன. அப்புறம் வார்ப்புத் தேதி: டி 22 9. டி என்றால் ஏப்ரல், 22 தேதி, 9 வருஷம். ஃபயர்வாலில் உள்ள தகட்டில் என் கார் கட்டப்பட்ட நேரம் 02சி, அதாவது பிப்ரவரி மூன்றாம் வாரம். கார் வெளியே வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் இந்த எஞ்சினை வார்த்தே இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒற்றை இலக்கம்தான் என்பதால் அந்த 9, 1979 ஆகவும் இருக்கலாம்.

கார் போலி இல்லை. நார்வுட் தொழிற்சாலைத் தகட்டில் இசட் 28க்கான எக்ஸ் 77 குறியீடு இருக்கிறது, ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் மறைவாகக் குத்திய எண்ணும் பொருந்துகிறது, கியர்பாக்ஸ்கூட இந்தக் காருடையதுதான். எஞ்சின் மாறியது என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன், அதற்குரிய விலைக்கு. மதிப்பீட்டாளர் சொன்ன தொகை நான் கொடுத்ததைவிட 19,000 டாலர் குறைவு.

கடைக்காரர் முதலில் போனை எடுத்தார், பிறகு எடுப்பதில்லை. உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை அனுப்பிவைத்தார். விளம்பரத்தில் "எங்களுக்குத் தெரிந்தவரை" என்று ஒரு வரி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்த வரி இருக்கும் விளம்பரத்தைக் கண்டால் தயவுசெய்து நின்று யோசியுங்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், வக்கீலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பான்டியாக் என்றால் காருக்குத் தொழிற்சாலைப் பதிவு வாங்கலாம். 1967 முதலான ஃபோர்டுக்கு, தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. அமெரிக்காவில் விற்ற கமேரோவுக்கு அப்படி எதுவும் கிடையாது, கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் உண்டு. போலி செய்பவர்களுக்கு வசதி இதுதான். வாரண்டித் தகட்டைக்கூடப் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். எனவே காகிதத்தை ஓரமாக வையுங்கள். வார்ப்புத் தேதி, எஞ்சின் பாகங்களைச் சேர்த்து முடித்த தேதி, கார் கட்டிய வாரம், மூன்றும் இந்த வரிசையில்தான் வர வேண்டும். மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பெயின்டைத் துடைக்க விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

மிச்சிகன், ஓஹாயோ பக்கம் யாராவது கார் பார்க்கப் போவதாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை என்றால் டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.