லைஃப்டைம் லைசென்ஸ் என்று வாங்கினேன், 180 நாளில் போனது: செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்து ஜனவரி 25 அன்று நெல்லையில் ஒரு கடையில் நாலு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் எடுத்தேன். மிஷின் ஒன்று 16,000 ரூபாய். விண்டோஸுக்கும் ஆபீஸுக்கும் சேர்த்து மிஷினுக்கு 2,500 தனி. "ஒரிஜினல் லைசென்ஸ்மா, லைஃப்டைம். இனி நீங்க அதத் தொடவே வேண்டாம்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. திருட்டு சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அந்த 10,000 ரூபாயைக் கொடுத்தேன்.

ஜூலை 23, ஆடி 7. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு பக்கம் ஆட்கள். இன்னொரு பக்கம் வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் காலேஜ் பிள்ளைகள். காலையில் மிஷினைப் போட்டால் திரை கறுத்துக் கிடக்கிறது, மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்'. வேர்டைத் திறந்தால் தலைப்பில் 'அன்லைசென்ஸ்டு புராடக்ட்'. ஒரு மிஷின் என்றால் ரிப்பேர் என்று நினைக்கலாம். நாலும் ஒரே நாளில்.

போன் போட்டேன். "அது சர்வர் கோளாறும்மா. பையனை அனுப்புதேன், மிஷினுக்கு 500 குடுத்துருங்க." லைஃப்டைம்னு சொன்னீங்களே அண்ணாச்சி என்றேன். "லைஃப்டைம் சர்வீஸ்னுல்லா சொன்னேன்." அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்க்கிற என் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். செட்டிங்ஸ் பக்கமே போகவில்லை. கட்டளை அடிக்கிற கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். ஒரு சின்னப் பெட்டி வந்தது: 'நோட்டிபிகேஷன் மோட்'. லைசென்ஸ் இல்லை என்று அர்த்தம். "மைனி, வாங்கின அன்னைக்கே இத அடிச்சிருந்தா, ஜூலை 23-ல முடியும்னு தேதியே போட்டுக் காட்டியிருக்கும்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. பத்து வினாடி வேலை அது.

அடுத்து அதே எஸ்எல்எம்ஜிஆரோடு சாய்கோடு போட்டு டிஎல்வி. இதில் விவரமெல்லாம் வரும். லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்று சொல்கிற சேனல் என்ற இடத்தில் 'வால்யூம் கேஎம்எஸ்கிளையன்ட்' என்று இருந்தது. இது பெரிய கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உள்ள முறை. அவர்கள் வளாகத்திலேயே ஒரு கேஎம்எஸ் சர்வர் இருக்கும். மற்ற மிஷின்கள் அதனிடம் 180 நாளுக்கு அனுமதி வாங்கும், 7 நாளுக்கு ஒரு தரம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். திரையில் 'ரினியூவல் இன்டர்வெல் 10080 நிமிடம்' என்று இருந்ததும் அந்த 7 நாள்தான். குறைந்தது 25 கம்ப்யூட்டர் கேட்டால்தான் அந்த சர்வர் சாதாரண விண்டோஸுக்கு அனுமதியே கொடுக்கும். நாலு மிஷின் கடைக்கு அந்த முறை எப்படி வரும்? ஜனவரி 24 அன்று அவர்கள் கடைக்குள்ளேயே ஒரு போலி சர்வரை ஓட்டி நாலுக்கும் அனுமதி வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். என் கடைக்கு வந்த பிறகு புதுப்பிக்க அந்த சர்வர் எங்கே இருக்கிறது? எண்ணி 180-வது நாள் நின்றுவிட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கம்பெனிகள் விண்டோஸோடு விற்கிற மிஷின்களில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து, லைசென்ஸ் கீயை மதர்போர்டிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். அதே மாதிரி கட்டளை அடிக்கிற பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் என்று போட்டு, பக்கத்தில் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் என்று சேர்த்து அடித்தால், ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்புராடக்ட்கீ என்ற வரியில் அது தெரியும். என் நாலில் மூன்றில் விண்டோஸ் புரோ கீ அப்படியே இருந்தது. உள்ளே அசல் இருக்கும்போதே அதை மறைத்து, மேலே எண்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டு, போலிக்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள். கொழுந்தன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு புரோவைப் புதிதாகப் போட்டான். கீ கேட்கவே இல்லை. நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகி, எக்ஸ்பிஆர் போட்டால் நிரந்தரம் என்று வந்தது.

அழிப்பதற்கு முன் அவன் காட்டிய ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. விண்டோஸ் டிஃபென்டரில், வைரஸ் தேட வேண்டாம் என்று விலக்கி வைக்கிற பட்டியல் ஒன்று உண்டு. அதில் சி டிரைவ் முழுக்க இருந்தது. போலி ஆக்டிவேட்டரை டிஃபென்டர் தூக்கிவிடும் என்பதற்காக இப்படிச் செய்வார்களாம். ஆறு மாதம் காவலே இல்லாமல் கிடந்த மிஷின்களில் ஊர்க்காரர்களின் ஆதார், பேன், பட்டா, பாஸ்புக் நகல் எல்லாம் இருந்தன. என்னை நம்பிக் கொடுத்த பேப்பர் அவை. எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, பேங்க் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். பில்லைக் காட்டச் சொன்னார். 'கம்ப்யூட்டர் செட் 4' என்று மட்டும் இருக்கிறது, லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. நல்லவேளை, '4 விண்டோஸ் ஆபீஸ் லைஃப்டைம் 10,000' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் நான் பணம் அனுப்பிய பதிவும் இருந்தன. அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடைக்காகத்தானே வாங்கினீர்கள் என்று சொல்லி யாராவது தட்டிக் கழித்தால் விடாதீர்கள். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழிலாக வாங்குகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

எக்ஸ்பிஆரில் நிரந்தரம் என்று வந்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பல மிஷினில் போட்டுக்கொள்ள ஒரு கம்பெனிக்குக் கொடுத்த எம்ஏகே கீயைத் திருடிப் போட்டாலும் அப்படித்தான் காட்டும், பிறகு அந்தக் கீயை முடக்கிவிடுவார்கள். சாய்கோடு டிஎல்ஐ போட்டு சேனலையும் பாருங்கள். 'ஓஇஎம்' (மிஷினோடு வந்தது) அல்லது 'ரீடெய்ல்' (தனியாக விலைக்கு வாங்கியது) என்று இருக்க வேண்டும். 'வால்யூம்' என்று வந்தால் வாங்காதீர்கள். ஆபீஸுக்குப் பதில் இப்போது நாலிலும் லிப்ரே ஆபீஸ் ஓடுகிறது. அது இலவசம், பத்திரிகை வேலைக்கு எனக்குப் போதும்.

நாலாவது மிஷினில் மதர்போர்டை மாற்றியிருப்பார்கள் போல, கீ இல்லை. அதற்கு வேறொரு கடையில் புது லைசென்ஸ் வாங்கினேன். காசு கொடுக்கும் முன் அங்கேயே உட்கார்ந்து இரண்டு கட்டளையும் அடித்துப் பார்த்தேன். 'விண்டோஸ் புரோ, ரீடெய்ல் லைசென்ஸ், 1' என்று பில்லில் எழுதச் சொன்னேன். அந்த அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.