ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவிக் குறிப்பு எழுதிய ஒன்றரை ஆண்டு

இணையத்தில் புத்தகம் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரலாளராக இருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஏஐ ஏஜென்ட்டை (தானே முடிவெடுத்து வேலைகளைச் செய்யும் ஏஐ நிரலை) அமர்த்தி, எங்கள் ஆர்டர் மென்பொருளை எம்சிபி வழியாக அதற்குத் திறந்துவிட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. எம்சிபி என்பது ஏஐ மாடல்களை வெளி மென்பொருள்களோடு இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறை. அதன் வழியே ஏஜென்ட் செய்யக்கூடிய ஒவ்வொரு வேலையும் (ஆர்டரைத் தேடுவது, ரத்து செய்வது போல) ஒரு 'கருவி'. ஒரு கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்குத் தெரிவதெல்லாம் அதன் பெயர், விளக்கம், என்னென்ன தகவல் கேட்கும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகியவைதான். உள்ளே நாங்கள் எழுதிய நிரலை அது பார்ப்பதில்லை. இதன் முழுப் பொருளும் எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

முதலில் 14 கருவிகள் வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி விளக்கம். ஒருவருக்கு 450 ரூபாய் திருப்பித் தர வேண்டியிருந்தது. ஏஜென்ட் தொகைக் கட்டத்தில் 450 என்று எழுதியது. எங்கள் பணப் பரிமாற்ற ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் அதை இயக்கும் வாயில்) பைசாவில் கணக்கிடும். அவர் கணக்கில் விழுந்தது நாலரை ரூபாய். எங்கள் குழுவில் யாரும் இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து நாற்காலிக்காரர் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார். எந்தக் குறிப்பிலும் அது இல்லை. ஏஜென்ட்டுக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. தெரியாத இடத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொண்டு தயக்கமில்லாமல் மேலே போய்விடுகிறது.

அன்றே 'அமவுண்ட்' என்ற பெயரை 'அமவுண்ட்_இன்_பைசா' என்று மாற்றினேன். '450 ரூபாய்க்கு 45000 என எழுதவும்' என்று ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்தேன். இதே பிழை திரும்ப வரவில்லை. 03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்ற குழப்பத்தையும் 2025-04-03 என்று ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர வடிவத்தைக் கட்டாயமாக்கித் தீர்த்தோம்.

அந்தச் சம்பவம் தந்த பயத்தில் அடுத்த தவறு நடந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். எல்லா விளக்கங்களும் ஒவ்வோர் உரையாடலிலும் ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலின் முன் வைக்கப்படுவதால் செலவு ஏறியது, முக்கியமான வரிகளும் கூட்டத்தில் காணாமல் போயின. ஒன்றுபோல இருந்தவற்றை இணைத்து 9 கருவிகளாகக் குறைத்தேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரிகள். அவற்றில் எதை வெட்டினாலும் 'எப்போது இதைப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரியை வெட்ட மாட்டேன். ஆர்டர் எண் கையில் இருக்கும்போதே பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்த வழக்கம் அந்த ஒரு வரியால் நின்றது.

என் கணக்கில் அதிகப் பலன் தந்தவை பிழைச் செய்திகள். அவற்றை ஆவணம் என்று முன்பு நான் நினைத்ததே இல்லை. எங்கள் கருவி 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொல்லும், ஏஜென்ட் அதே தவற்றை மூன்று நான்கு முறை திரும்ப அனுப்பும். எம்சிபியில் கருவிக்குள் நேரும் பிழையை, பிழை என்ற அடையாளத்தோடு மாடலே படிக்கும்படி திருப்பி அனுப்பலாம். ஆகவே, 'ஆர்டர் எண் 8 இலக்கம் இருக்க வேண்டும், நீங்கள் தந்தது 7 இலக்கம். எண் தெரியாவிட்டால் தொலைபேசி எண்ணைக் கொண்டு தேடவும்' என்று எழுதினேன். அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொண்டது. நீளமான விளக்கத்தை முன்கூட்டியே படிக்கவைப்பதைவிட, தடுக்கி விழும் இடத்தில் கைகொடுப்பது மேல்.

குறிப்பால் ஆகாத காரியமும் உண்டு. 'மேலாளர் ஒப்புதல் இல்லாமல் ஆர்டரை ரத்து செய்யாதே' என்று அழுத்தமாக எழுதியிருந்தோம். பல வாரங்கள் கேட்டு நடந்தது, ஒருநாள் கேட்கவில்லை. ஒரு கருவி தரவை அழிக்கக்கூடியது என்று அறிவிக்க நெறிமுறையிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. அதுவும் அறிவிப்பு மட்டுமே, பூட்டு அல்ல. இப்போது ஒப்புதல் பதிவாகாமல் ரத்துக் கருவி இயங்கவே இயங்காது. அனுமதியை விளக்க வரியில் வைத்துவிட்டு யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் நடத்தை மாறக்கூடும். அதனால் வாடிக்கையாளர்கள் யாரென்று காட்டும் விவரங்களை நீக்கிய அவர்களின் 40 பழைய கேள்விகளை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அவற்றை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன்.

ஆனால் அந்தச் சோதனையிலும் ஒன்று தப்பியது. புத்தகத்தைத் திருப்பியனுப்பும் கெடுவை 7 நாளிலிருந்து 10 நாளாக உயர்த்தினோம். நிரல் மாறியது, குறிப்பு மாறவில்லை. கேள்விகளுக்கு நாங்கள் எழுதி வைத்திருந்த விடைகளும் பழையவை. இரண்டு வாரம் ஏஜென்ட் 7 நாள் என்றே சொல்லி, உரிமை உள்ளவர்களையும் மறுத்து அனுப்பியது. இப்போது குறிப்பு நிரலோடு ஒரே கோப்பில் இருக்கிறது. ஒன்றை மாற்றி மற்றதைத் தொடாமல் விட்டால், இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை மாற்றம் உள்ளே போகாது. மறுக்கப்பட்டவர்கள் 6 பேர். ஒவ்வொருவரையும் நானே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டு, புத்தகங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.