தராசை மேல் தட்டில் வைத்த பிறகு: 4 வருட வீட்டு பிரெட்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் பிரெட் சுடுகிறேன். 4 வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க கிராம் கணக்கு, நிமிடக் கணக்குதான். 500 கிராம் மைதா, 350 மில்லி தண்ணீர், ஒன்றரை மணி நேரம் உப்ப விட வேண்டும் என்று குறிப்பில் இருந்தபடியே செய்தேன். மாவு பசை போலக் கையில் அப்பிக்கொண்டது; நேரம் முடிவதற்குள் பொங்கி அமுங்கி, கள் வாடை அடித்தது. குளிர் நாட்டு அடுப்படிக்கு எழுதிய குறிப்பு அது. அங்கே பிரெட்டுக்கென்றே விற்கும் மாவில் புரதம் அதிகம், தண்ணீரும் அதிகம் குடிக்கும். நம் கடை மைதாவுக்கு 300 மில்லி போதும். ஐப்பசி மழையில் மாவே ஈரம் கோத்திருந்தால் அதிலும் கொஞ்சம் குறைப்பேன்.

வழி காட்டியவர் மாமியார். அவர் பிரெட் சுட்டதே இல்லை. தோசை மாவு கரைத்துப் பழகிய கை. "கடிகாரத்தை ஏம்மா பாக்குற, மாவைப் பாரு. வெயில் காலத்துல தோசை மாவு உனக்காகக் காத்துட்டிருக்குமா?" என்றார். அன்றைக்கே தராசு அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது.

பிசையும்போது முதலில் ஒட்டத்தான் செய்யும். உடனே மாவு தூவாமல் 10 நிமிடம் மூடி வைத்தால், தண்ணீரை இழுத்துக்கொண்டு பாதி ஒட்டல் தானாகப் போய்விடும். அப்புறம் நன்றாகப் பிசைந்து, சின்ன உருண்டையைக் கிள்ளி விரித்தால் கிழியாமல் ஜவ்வு போல விரிந்து வெளிச்சம் தெரிய வேண்டும். அச்சில் போட்டு உப்பிய பிறகு விரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி மெதுவாக எழும்பி பாதியில் நின்றால் அடுப்பில் வைக்கலாம். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும், எழும்பவே இல்லையென்றால் பதம் தாண்டிவிட்டது. கத்திரி வெயிலில் இந்தப் பதம் 40 நிமிடத்திலேயே வந்துவிடும். அதனால் அப்போது ஃபிரிட்ஜ் தண்ணீர், பாதி ஈஸ்ட். மார்கழிக் காலையில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். வெந்ததா என்று பார்க்க, பானை வாங்கும்போது தட்டுவோமே, அப்படி பிரெட்டின் அடியைத் தட்டுவேன். உள்ளே காலியாக இருப்பது போன்ற சத்தம் கேட்க வேண்டும்.

உப்பையும் ஈஸ்ட்டையும் மட்டும் இன்றும் அளந்துதான் போடுகிறேன். அரைக் கிலோ மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் தூளுப்பு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். ஒருமுறை உப்பை மறந்து, மாவு கட்டுக்கடங்காமல் பொங்கி, சப்பென்ற பிரெட்டை வீட்டில் யாரும் தொடவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் 10 பிரெட்டுக்குத் தராசு வைத்துக்கொள்வதே நல்லது. சரியான மாவு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிய வேண்டுமே.

சூட்டோடு வெட்டினால் உள்ளே களி போல இருக்கும், ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். இங்குள்ள புழுக்கத்தில் மூன்றாம் நாளே பூசணம் பூக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிப்போகும். துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, தோசைக்கல்லில் சுட்டுக்கொள்கிறோம். காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்த ஞாயிறு என்றால் ஃபிரீசருக்கு ஒரு துண்டும் மிஞ்சாது.