சுங்கை சிப்புட்டில் கிளினிக் வாசல்: மாதவிடாய் நிற்கும் வயதில் எப்போது டாக்டரிடம் போவது?

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மலேசியாவில் என் ஊரான சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பும்போது கல்யாண வீடு, கோயில், பாசார் மலாம் (இரவுச் சந்தை) என்றுதான் திட்டம் இருந்தது. ஆனால் இந்த முறை காலைப்பொழுதுகள் பெரும்பாலும் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் போயின. முதலில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்புறம் அண்ணி, அதற்கப்புறம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களோடு வளர்ந்த ஒரு தோழி. மூவருக்கும் மாதவிடாய் நின்றுபோன அல்லது நிற்கப்போகிற வயது. மூவரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள்: "இது எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?"

போகத்தான் வேண்டும். சிலவற்றுக்கு அதே வாரத்தில், சிலவற்றுக்கு அதே நாளில். எதற்கு எப்போது என்று நம் பெண்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை.

சுங்கை சிப்புட்டைச் சுற்றி முன்பு பால்மரம், இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. அம்மா காலத்தில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர்தான் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் எல்லாவற்றுக்கும். அந்த ஆண்பிள்ளையிடம் போய் எந்தப் பெண் இந்தப் பேச்சை எடுப்பாள்? இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டன. அரசு சுகாதார கிளினிக் இருக்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது, தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரி. குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. இவ்வளவு அருகில், இவ்வளவு மலிவாக இருந்தும், டிரஸ்ஸர் காலத்து வாய்மூடல் மட்டும் மாறவில்லை. எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

அக்காவுக்கு 56 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகிறது. சமையல்கட்டில் பேச்சோடு பேச்சாக, "போன மாசம் ரெண்டு நாள் லேசா பட்டுச்சு தங்கச்சி, உடம்பு சூடு, வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சேன், நின்னுபோச்சு" என்றார். அதற்கு முன்பே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு பட்டது என்றுகூடக் கேட்காமல், ரத்தம் நிற்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு முழுசாக 12 மாதம் கழிந்துவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், காப்பித்தூள் நிறத்தில் ஒரு கறை மட்டும் தெரிந்தாலும், ஒரே ஒரு தடவை வந்து தானாக நின்றாலும், பரிசோதிக்கவேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. கருப்பையின் உட்படலமோ பிறப்புறுப்பின் தோலோ உலர்ந்து மெலிந்திருக்கலாம், சின்னச் சதை வளர்ச்சி இருக்கலாம். ஆனால் இப்படி ரத்தம் பட்டு வரும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் பெரும்பாலும் இந்த ரத்தம்தான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகும். சர்க்கரை நோயும் உடல் எடையும் அந்த ஆபத்தைக் கூட்டும். நம் வீடுகளில் இவை இரண்டும் இல்லாத வீடு எது? அக்காவுக்கு இரண்டுமே உண்டு.

அரசு கிளினிக்கில் இளம் டாக்டர், நம்ம பெண். தமிழிலேயே கேட்டார், அக்காவின் தோள் இறங்கியது. கடிதம் எழுதி ஈப்போவுக்கு அனுப்பினார். அங்கே பிறப்புறுப்பு வழியாக உள்ளே கருவி வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அப்படி ஒரு ஸ்கேன் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது, பயந்துபோனார். அதனால் இப்போதே எழுதிவைக்கிறேன்: சில நிமிடம்தான், கொஞ்சம் அசௌகரியம், கருப்பைப் படலத்தின் தடிமனை அளக்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் மெல்லிய குழாய் வழியாகத் துளி திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அப்போது மாதவிடாய் வலி போலச் சுருக்கென்று வலிக்கும், முன்னாலேயே வலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம். அக்காவுக்குத் தடிமன் அதிகம் இருந்தது. திசுவும் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, சதை வளர்ச்சிதான், அதை அகற்றத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பதில் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தோழியின் கதை வேறு. 48 வயது, இன்னும் நிற்கவில்லை, ஆனால் மாதம் பத்து நாளுக்கு மேல் கொட்டுகிறது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் பேட் நனைந்துவிடும், கட்டி கட்டியாக வரும். "கெட்ட ரத்தம்லாம் போயிடட்டும், அப்புறம் நின்னுடும்" என்று மாமியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. போவது நல்ல ரத்தம், அதோடு இரும்புச்சத்து. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலை எழுந்தால் தலை சுற்றுகிறது, அதையும் வயசு என்றே ஒதுக்கியிருந்தார். ரத்தச் சோதனையில் ரத்தசோகை கடுமையாக இருந்தது, ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி. நிற்கிற காலத்தில் மாதவிடாய் முன்பின்னாக வருவதும் சில மாதம் வராமல் போவதும் இயல்பு. இப்படிக் கொட்டுவதும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் படுவதும், உறவுக்குப் பிறகு படுவதும் இயல்பில் சேராது.

அண்ணிக்கு 43. ஐந்து மாதமாக வரவில்லை, முகமெல்லாம் திடீரென்று கொதிக்கிறது, இரவில் போர்வை நனைகிறது. வழக்கமாக 45க்கும் 55க்கும் இடையில்தான் நிற்கும். 45க்கு முன்னால் இந்த அறிகுறிகள் வந்தால் காத்திருக்காமல் போகவேண்டும், 40க்கு முன்னால் என்றால் கட்டாயம். சீக்கிரம் நின்றுவிட்டால் எலும்பும் இதயமும் அதிக வருஷம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாமல் இருக்கவேண்டிவரும். கிளினிக்கில் முதலில் செய்தது கர்ப்பச் சோதனை. அண்ணி வெட்கத்தில் சிவந்துபோனார், ஆனால் அந்த வயதில் அதுவும் நடக்கக்கூடியதுதான். பிறகு தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், ஹார்மோன் சோதனை. 45ஐத் தாண்டி, அறிகுறியும் தெளிவாக இருந்தால், ஹார்மோன் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. அதற்குத் தனியாரில் காசு கொட்டவேண்டாம்.

ஆபத்தில்லாத, ஆனால் வாழ்க்கையைக் கெடுக்கிற அறிகுறிகளுக்கும் உதவி கேட்கலாம் என்பதை மூவருமே நம்பவில்லை. பொறுக்கவே முடியாமல் போகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. தூக்கம் கெட்டு மறுநாள் வேலை தடுமாறுகிறதா, எரிச்சலில் பிள்ளைகளிடம் விழுகிறோமா, உறவில் வலி இருக்கிறதா, சிறுநீரில் அடிக்கடி எரிச்சலும் கிருமித்தொற்றும் வருகிறதா, இதில் ஒன்று போதும். வெப்பமும் வியர்வையும் பலருக்கு ஏழு வருஷம்கூட நீடிக்கும். அத்தனை வருஷம் ஏன் பல்லைக் கடிக்கவேண்டும்? அந்தரங்க வறட்சிக்கு அங்கேயே போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு, ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும்.

ஹார்மோன் மருந்து என்றதும் "கேன்சர் வரும்" என்றார் அண்ணி. அந்தப் பயத்துக்குக் காரணம் 2002ல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. பின்னால் வந்த அலசல்களில், 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மைதான் பெரும்பாலும் அதிகம் என்று தெரிந்தது. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் டாக்டரிடம் அதை முதலில் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. எல்லா மருந்தும் எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கும் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வயதில் எது வந்தாலும் மாதவிடாய் நிற்பதன் தலையில் கட்டிவிடுகிறோம். இரவில் வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை இறக்கமும் சேர்ந்தால் காசநோய்க்குப் பார்க்கவேண்டும். மலேசியாவில் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் அந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் 999ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரும், நின்ற பிறகு அந்த ஆபத்து ஏறும். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் தள்ளிப்போடக்கூடாது. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண், தாலியான் ஹீல் 15555 இருக்கிறது.

பாசார் மலாமில் "பெண்கள் பிரச்சினை எல்லாம் தீரும்" என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். அக்கா அலமாரியிலும் ஒன்று இருந்தது, பெட்டியில் மருந்துகளுக்கு அரசு கொடுக்கும் எம்ஏஎல் (MAL) பதிவு எண் இல்லை. பதிவில்லாத இந்த மாதிரிச் சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் கெடுதல்.

போகிறவர்கள் அடையாள அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் பெட்டிகள், கடைசி மாதவிடாய்த் தேதி, எத்தனை பேட், எத்தனை நாள் என்று இரண்டு மாதக் குறிப்பு, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டிருந்தால் மட்டும் குறிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனாலும் நம்பர் சீட்டு எடுத்துக் காத்திருக்கவேண்டும், காலைப்பசிக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை, கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். 30 வயதிலிருந்து 65 வரை உள்ளவர்கள் அதே நாளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி சோதனையையும் கேட்டுப் பாருங்கள். மாதிரியைத் திரைக்குப் பின்னால் நாமே எடுத்துக்கொடுக்கலாம். அண்ணி அன்றே எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தார்.