ஈ.ஆர்.பி.எம் ரிவிஷன் வகுப்புக்குக் காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்

வெளிநாட்டில் மருத்துவம் முடித்து யாழ்ப்பாணம் திரும்பி, இலங்கையில் டொக்டராகப் பதிவதற்கான ஈ.ஆர்.பி.எம் பரீட்சைக்கு வீட்டிலிருந்து படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். நான் காசு கட்டி ஏமாந்த வகுப்பை நடத்தினவரின் பெயரைப் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பங்குனியில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்தது. ஆறு கிழமையில் பிசியோலொஜியையும் நோய் உண்டாகும் விதத்தையும் சேர்த்து முழுதாகத் திருப்பிப் படிப்பிப்பார்களாம், கிழமைக்கு 3 நேரடி வகுப்பு, அச்சடித்த டியூட் (பாடக்குறிப்புப் புத்தகம்), இரண்டு மாதிரிப் பரீட்சை, எல்லாம் 45,000 ரூபா. போன் எடுத்தேன். "தங்கச்சி, 30 பேரோட நிப்பாட்டப்போறன், இண்டைக்குக் காசு போட்டால்தான் இடம்" என்றார். அம்மா சீட்டுக்காசில் எடுத்துத் தந்தார். கணக்கு யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது, பற்றுச்சீட்டு கேட்டதற்குப் பிறகு தருகிறேன் என்றவர் கடைசிவரை தரவில்லை.

நேரடி வகுப்பு மொத்தமாக நடந்தது இரண்டே இரண்டு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வீடியோ லிங்க். பார்த்தால் யூடியூபில் சும்மா கிடைக்கிற இந்திய விரிவுரைகள், மூலையில் இருந்த பெயரை மட்டும் மறைத்திருந்தார்கள். டியூட் பச்சை அட்டை போட்டு 184 பக்கம். உள்ளே நாலைந்து பேருடைய கையெழுத்து, பக்க எண் நடுவில் துள்ளுகிறது, பழைய ஆக்களின் குறிப்புகளைப் போட்டோக்கொப்பி அடித்துக் கட்டியிருக்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு படித்தேன், ஏனென்றால் காசு போய்விட்டது, பரீட்சையும் கிட்ட வந்துவிட்டது.

பிழை என்று தெரியவந்தது ஒரு பின்னேரம். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் மெடிக்கல் வாட்டில் வேலை செய்தவர். வீட்டுக்கு வந்தவர் டியூட்டைச் சும்மா புரட்டிக்கொண்டு இருந்தவர், பாம்புக்கடிப் பக்கத்தில் நிறுத்தி, "இதையா படிச்சுக்கொண்டு இருக்கிறீர்?" என்று கேட்டார். கட்டுவிரியன் கடித்தால் நியோஸ்டிக்மின் என்ற மருந்தைக் கொடுத்தால் தசை திரும்பவும் வேலை செய்யும் என்று இருந்தது, நாகபாம்புக்கு அது உதவாது என்றும் இருந்தது. அப்படியே தலைகீழ். நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல வெளியே விடுகிற பொருள்தான் அசற்றைல்கோலின். நாகத்தின் நஞ்சு தசைப் பக்கத்தில் இருக்கிற அசற்றைல்கோலின் ஏற்பியை மறிக்கிறது, ஆகவே நியோஸ்டிக்மினால் அசற்றைல்கோலினைக் கூட்டினால் போட்டி போட்டு ஓரளவு வேலை நடக்கும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. வெளியே விட அங்கே அசற்றைல்கோலினே இல்லாதபோது அதைக் காப்பாற்றுகிற மருந்தால் என்ன பயன்? முனை திரும்ப வளரும்வரை, தேவைப்பட்டால் நாட்கணக்கில், மூச்சுக்கு மெசின்தான். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிற ஊர் எங்களுடையது. இரவில் கடிபட்டு, கடித்த இடமே சரியாகத் தெரியாமல், விடியக் கண் இமை விழுந்து வருகிற ஆளுக்கு முன்னால் நாளைக்கு நிற்கப்போவது நாங்கள்தான்.

அன்றிரவு அக்காவும் நானும் முழுவதையும் சரிபார்க்கத் தொடங்கினோம். டெங்குப் பக்கத்தில் அதிர்ச்சி நிலைக்குக் காரணம் இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் குறைந்து இரத்தம் போவது என்று போட்டிருக்கிறது. பிரதான காரணம் நுண்குழாய்களால் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிவதுதான். அதனால்தான் பி.சி.வி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறது, அதனால்தான் கசிவு நடக்கிற அந்த 24 முதல் 48 மணித்தியாலம் திரவத்தைக் கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள், கசிந்தது திரும்பி இரத்தத்துக்குள் வரும்போது கூடுதலாக ஏற்றியிருந்தால் நுரையீரலில் நீர் கட்டும். பிளேட்லெட்டைப் பிடித்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் விளங்காது.

எனக்கு மிகவும் கோபம் வந்தது நீரிழிவுக் கீற்றோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் அமிலம் கூடும் நிலை) பக்கத்தைப் பார்த்துத்தான். "பொற்றாசியம் கூட இருக்கும், ஆகவே பொற்றாசியம் கொடுக்கக்கூடாது" என்று கட்டம் போட்டு, நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். இன்சுலின் இல்லாததால் பொற்றாசியம் கலத்துக்குள் இருந்து வெளியே வந்து நிற்கிறது, அதேநேரம் சிறுநீரோடு உடம்பிலிருந்து நிறையப் போய்க்கொண்டும் இருக்கிறது. பரிசோதனையில் சாதாரணமாகவோ கூடவோ தெரியும், உடம்பில் இருப்போ குறைவு. இன்சுலின் ஏறத் தொடங்கியதும் மிச்சமிருப்பதும் கலத்துக்குள் போய்விடும், இதயத் துடிப்புக் குழம்பும். அதனால்தான் அடிக்கடி அளந்து பார்த்து, இறங்க இறங்கப் பொற்றாசியம் சேர்க்கிறார்கள், தொடக்கத்திலேயே குறைவாக இருந்தால் இன்சுலினுக்கு முதல் அதைத்தான் ஏற்றுகிறார்கள். விடையை மட்டும் பாடமாக்கு, காரணம் தேவையில்லை என்று அவர் வகுப்பில் சொன்னது அப்போதுதான் விளங்கியது. காரணத்தோடு படித்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

இந்தப் பக்கங்களைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, பாதிக் காசையாவது தாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "படிக்கேலாத ஆக்கள் டியூட்டைக் குறை சொல்லுவினம்" என்று ஒரு குரல்பதிவு வந்தது, பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். இன்றுவரை ஒரு சதமும் வரவில்லை. இப்போது அதே விளம்பரம் அடுத்த அணிக்கு என்று திரும்ப ஓடுகிறது, இடம் முடியப்போகிறது என்ற அதே வசனத்தோடு.

சேர நினைக்கிற ஆக்கள் காசு போட முதல் டியூட்டில் டெங்குப் பக்கத்தை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கசிவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். படிப்பிக்கிறவர் யார், எங்கே படித்தவர் என்று பெயரோடு கேளுங்கள், பற்றுச்சீட்டு கையில் வராமல் காசு போடாதீர்கள்.

ஏற்கெனவே பச்சை அட்டை டியூட் வைத்திருக்கிற ஆக்கள் மேலே சொன்ன பிழைகள் இருக்கிற 61, 97, 133ஆம் பக்கங்களை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். அக்காவும் நானும் திருத்தி எழுதினது இதுவரை 23 பக்கம் வந்திருக்கிறது, மிச்சமும் நடக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன், காசு வேண்டாம்.