ரிச்சி தெருவில் 'டெஸ்ட் பண்ணின' லேசர் டையோடு வாங்கப் போகிறவர்களுக்கு

சென்னை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போய் நீல லேசர் மாட்யூலும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டும் வாங்கலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக புராஜெக்ட்டுக்கு என்கிரேவர் செய்யும் காலேஜ் பிள்ளைகள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே நல்ல கடைகள் நிறைய உண்டு, பல வருடமாக அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் லேசர் விஷயத்தில் 'டெஸ்ட் பண்ணித்தான் கொடுக்கிறோம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் கேட்டது 450 நானோமீட்டர், 1 வாட் டையோடு, அதற்கேற்ற கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர், அதாவது கரண்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் டிரைவர். கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்து, கூடவே லேசருக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று இலவசம், மொத்தம் 3,400 ரூபாய் என்றார். பணம் கொடுத்த கையோடு கடைப் பையன் டிரைவரை 12 வோல்ட் அடாப்டரில் செருகி, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவுட்புட் வயர் இரண்டையும் டையோடின் வயரில் வைத்துத் தொட்டான். யாருக்கும் கண்ணாடி இல்லை. கவுன்டர் மேல் கண்ணாடிப் பலகை, ஓரத்தில் எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் ஒருவர் தன் மகளோடு மைக் வாங்க நின்றிருந்தார். பளீரென்று ஒரு நீல வெளிச்சம் அடித்து உடனே மங்கியது. நான் கத்தினேன். "தம்பி, நாங்க டெய்லி இதத்தான பண்றோம், ஒண்ணும் ஆவாது, பாருங்க எரியுது" என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு வாட் என்றால் என்ன என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண் கூசி இமை மூடிக்கொள்ள கால் வினாடி ஆகும், அந்தக் கால் வினாடி நம்மைக் காப்பாற்றுவது 1 மில்லிவாட் வரைக்கும்தான். 500 மில்லிவாட்டைத் தாண்டினால் அது கிளாஸ் 4, லேசரில் ஆக ஆபத்தான வகுப்பு, நேராகப் பட வேண்டியதே இல்லை, டம்ளரில் பட்டுத் திரும்பினாலும் போதும், கிட்டத்தில் வெள்ளைச் சுவரில் பட்டுச் சிதறும் புள்ளியைப் பார்ப்பதே ஆபத்து. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுவிட்டால் பார்வையில் ஒரு கரும்புள்ளி நின்ற பிறகுதான் தெரியும். லேபிளை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. 2013-ல் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி 122 லேசர் பாயிண்டர்களை அளந்து பார்த்ததில், பச்சை பாயிண்டர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிகளுக்குள் வரவில்லை. அந்த நாட்டில் பாயிண்டருக்கு உச்ச வரம்பு 5 மில்லிவாட்.

சரி, வீட்டுக்கு வந்து டையோடைத் தொடவே இல்லை, முதலில் டிரைவரை மட்டும் டம்மி லோடில், அதாவது லேசருக்குப் பதிலாக வைக்கும் போலிச் சுமையில் போட்டேன். இதைச் செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1என்5408 என்ற சாதாரண டையோடு (லேசர் இல்லை) நான்கோ ஐந்தோ வரிசையாகச் சேர்த்து, கூட 1 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று. நீல லேசர் டையோடு கேட்கும் நாலு முதல் ஐந்து வோல்ட்டை இது அப்படியே நடிக்கும். ரெசிஸ்டருக்குக் குறுக்கே மல்டிமீட்டர் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். ஐந்து டையோடோடு ஏறக்குறைய 1 ஆம்பியர் காட்டியது, நல்லதுதான். அப்புறம் ஒரு டையோடை மட்டும் வயரால் ஷார்ட் செய்தேன். ஒழுங்கான கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் என்றால் கரண்ட் நகரவே கூடாது. இதுவோ 1.6 ஆம்பியருக்குத் தாவியது.

மேலே சுற்றியிருந்த கறுப்பு ஸ்லீவைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எல்எம்2596 சிப் வைத்த, வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சாதாரண பக் கன்வர்ட்டர், அதைத் திருகிச் சரிசெய்ய ஒரே ஒரு நீல டிரிம்பாட். அதே தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அது. அது வோல்ட்டேஜை மட்டும்தான் பிடித்து வைக்கும், கரண்ட்டைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. லேசர் டையோடு சூடானால் அதற்குத் தேவையான வோல்ட்டேஜ் குறையும், வோல்ட்டேஜ் நிலையாக இருப்பதால் கரண்ட் ஏறும், ஏறினால் இன்னும் சூடு, இப்படியே போய் டையோடு தானாகச் சாகும். கடையில் நடந்ததோ அதைவிட மோசம். லோடே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கன்வர்ட்டரின் அவுட்புட்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் முழுக்க நிறைந்திருக்கும், வயர் தொட்ட கணத்தில் அத்தனையும் டையோடுக்குள் பாயும். லேசரின் வெளிவாசலான அந்தப் பளபளப்பான முகப்பு அப்போதே வெந்துவிடும். நான் பார்த்த நீலப் பளீர் அதுதான்.

என்ஜினீயரிங் காலேஜில் லேப் பார்க்கும் நண்பரிடம் அலைநீளமும் ஓடி எண்ணும் அச்சிட்ட ஆரஞ்சு கண்ணாடி வாங்கி (கண்ணாடி எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்பதுதான் ஓடி, ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும்), சரியான டிரைவரில் போட்டுப் பார்த்தபோது டையோடு எல்இடி மாதிரி பரந்து மினுங்கியது, அவ்வளவுதான். கற்றையே இல்லை. கடையில் கொடுத்த இலவசக் கண்ணாடி பச்சை நிறம், எந்த எண்ணும் இல்லை. அதன் வழியாக பவர் பேங்க்கின் நீல எல்இடியைப் பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது. இந்தச் சோதனையில் தோற்கும் கண்ணாடியை உடனே குப்பையில் போடலாம், ஆனால் இதில் தேறிவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், அச்சிட்ட எண் இருந்தே ஆக வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்க எதிர்லயே எரிஞ்சுதுல்ல, நீங்கதான் வீட்ல எதோ பண்ணிட்டீங்க" என்றார்கள். டம்மி லோடைக் கவுன்டரிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்றேன், பார்க்கவே மறுத்துவிட்டார்கள். அன்று கொடுத்த சீட்டில் 'எலக்ட்ரானிக் ஐட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், அந்தச் சீட்டைப் படமெடுத்து வைத்திருந்தது உதவியது. நீங்கள் வாங்கும்போது அலைநீளம், வாட், டிரைவரின் கரண்ட் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

டையோடை இணைக்கும் நேரத்தில் டிரைவரின் பவரை முழுக்கப் பிடுங்கிவிட்டு, அவுட்புட் வயர் இரண்டையும் ஒரு ரெசிஸ்டரால் சேர்த்துக் கெப்பாசிட்டரைக் காலி செய்து, அப்புறம் சாலிட்டர் செய்யுங்கள். ஏசி ரூமில் நைலான் சட்டையோடு உட்கார்ந்து அதன் கால்களை வெறும் கையால் தொடாதீர்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கே அதைக் கொல்லப் போதும். பவர் கொடுக்கும் முன் கண்ணாடி போட்டாச்சா, கற்றை போய் முட்ட செங்கல் வைத்தாச்சா, வீட்டில் குழந்தைகள் உள்ளே வராமல் கதவு தாழ் போட்டாச்சா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட்டை ஆகக் குறைவில் தொடங்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றுங்கள்.