கடலோர வீட்டுக் கபோர்டுக்கு எந்த ஹேங்கர் ராடு?

எங்கள் வீடு குளச்சலில், கடற்கரையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். ஒக்கிப் புயல் அடித்ததற்கு அடுத்த வருடம், 2018இல், மூன்று படுக்கையறையிலும் கபோர்டு வேலையை முடித்தோம். இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு ராத்திரி எங்கள் அறைக் கபோர்டுக்குள் 'டமார்' என்று சத்தம். கதவைத் திறந்தால் நாலடி ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேலையும் சட்டையும் ஒரே குவியலாகக் கீழே கிடக்கின்றன. ராடு கொஞ்சமும் வளையவில்லை. இடது முனையைத் தாங்கிய பிராக்கெட்டின் மூன்று ஸ்குரூவும் தலை ஒடிந்திருந்தன. பலகைக்குள் நின்றுபோன துண்டைக் குறடால் பிடித்து இழுத்தபோது பாதி துருப்பொடியாகக் கையோடு வந்தது.

மறுநாள் வந்து பார்த்த ஆசாரி சொன்னது இதுதான்: "ராடு ஒண்ணும் செய்யல்ல மக்களே, ஸ்குரூதான் சதிச்சிட்டு."

அதன்பிறகு மூன்று அறைக்கும் ராடு மாற்றினேன். மாற்றும் முன் சொந்தக்காரர் வீடுகளில் என்னென்ன போட்டிருக்கிறார்கள், எது எப்படி நிற்கிறது என்று போய்ப் பார்த்தேன். இப்போது கபோர்டு செய்யப் போகிறவர்களுக்கு, குறிப்பாகக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு, அது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் எடை. விழுந்த துணியை மூட்டை கட்டித் தராசில் வைத்தேன்: 26 கிலோ. சட்டை மட்டும் தொங்கும் ராடு என்றால் இதில் பாதிகூட வராது. பட்டுச்சேலைகள்தான் எடையை ஏற்றுகின்றன. 26 கிலோவைத் தாங்காத ராடு எந்தக் கடையிலும் இல்லை என்றே சொல்லலாம். அதனால் எடைக் கணக்கில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

கடையில் 'கபோர்டு ராடு' என்று கேட்டால் எடுத்துத் தருவது குரோம் பூசிய இரும்பு ஓவல் ராடுதான். 30க்கு 15 மில்லிமீட்டர். எங்கள் வீட்டில் விழுந்ததும் இதே வகை. நெட்டுக்குத்தாக நிற்பதால் ஒரு இஞ்சு உருண்டைக் குழாய் அளவுக்குப் பலம் கொடுக்கும், விலையும் குறைவு. மார்த்தாண்டத்தில் மாமா வீட்டில் இதே ராடு பத்து வருடமாகப் பளபளவென்று இருக்கிறது. தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துக்காரர்கள் இதையே போட்டுக்கொள்ளலாம், கூடுதல் செலவு தேவையே இல்லை. கடலோரத்தில்தான் கதை வேறு. ராடை அளவுக்கு அறுக்கும்போது அந்த அறுத்த வாயில் பூச்சு இருக்காது, வெறும் இரும்புதான் இருக்கும். அந்த வாய் பிராக்கெட்டுக்குள் போய் மறைந்துவிடுவதால் துரு பிடிப்பது கண்ணில் படாது. உள்ளிருந்து பூச்சுக்கு அடியில் ஊர்ந்து வரும். ஹேங்கர் உரசும் இடத்தில் பூச்சு பொரிந்து, காவி நிறப் பொடி துணியில் விழும். ராடு விழுவதற்கு ஒரு மாதம் முன்பு என் வெள்ளைச் சட்டையின் தோளில், ஹேங்கர் கொக்கிக்கு நேர்கீழே, விரல்நுனி அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. டீக்கறை என்று நினைத்துத் துவைக்கப் போட்டேன். போகவில்லை. அன்றைக்கே ராடைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

அலுமினிய ராடு தம்பி வீட்டில் இருக்கிறது. செந்துரு வராது, மேலே ரப்பர் பட்டை இருப்பதால் ஹேங்கர் சத்தமும் இல்லை. ஆனால் அதே அளவு, அதே கனத்தில் இரும்பு வளைவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அலுமினியம் வளையும். இரண்டரை அடிக்கு நல்லது, நாலடிக்கு வேண்டாம். இரும்பு ஸ்குரூ போட்ட இடத்தில் உப்புக்காற்றுக்கு வெள்ளையாகப் பொடி பூக்கவும் செய்யும்.

அக்கா வீடு குலசேகரத்தில். பழைய சுவர் அலமாரி, அதில் ஒன்றரை இஞ்சு கனத்தில் கடைந்த அயனி மரக் கம்பு. அத்தான் தாத்தா காலத்து மரம். துரு என்ற பேச்சே இல்லை. ஹேங்கர் இழுத்தால் வழுக்காது, மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்துவிடுகிறார்கள். ஜூன் மழையில் கம்பில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படரும், அதைத் துடைக்க வேண்டும். பட்டு வைக்கிற இடத்தில் எனக்கு அந்தப் பூஞ்சை பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கம்பு உட்கார்ந்திருந்த விதம் மனதில் நின்றது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் போட்டது எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்: 304 கிரேடு, ஒரு இஞ்சு உருண்டை, 1.2 மில்லிமீட்டர் கனம். கபோர்டு சாமான் விற்கும் கடையில் கிடைக்கவில்லை. கைப்பிடிக் கம்பி, கேட் வேலை செய்கிறவர்கள் குழாய் வாங்கும் கடையில் நாகர்கோவிலில் வாங்கினேன். குரோம் ராடைப் போல ஏறத்தாழ இரட்டிப்பு விலை ஆனது. கிரேடைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 202 என்றொரு கிரேடு இருக்கிறது. பார்வைக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான், ஆனால் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், கடற்காற்றில் சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்பார்கள். குரோம் இரும்பைக் கண்டுபிடிக்க அது உதவும், 202ஐயும் 304ஐயும் பிரித்துக் காட்டாது, இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. கடைக்காரரிடம் கிரேடு பார்க்கிற சொட்டு மருந்து இருந்தால் ஒரு துளி விட்டுப் பார்க்கச் சொல்லலாம், 202 என்றால் சிவக்கும். காசு ஒரு பொருட்டில்லை என்றால் 316 வாங்கலாம். மாலிப்டினம் கலந்தது, உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும்.

304 போட்டால் எதுவுமே ஆகாது என்று சொல்லமாட்டேன். கபோர்டுக்குள் வந்து படிகிற உப்பை மழை கழுவாது, அது அங்கேயே கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு துடை. கம்பிச் சுருளால் தேய்க்கவே கூடாது, அதன் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டில் பால்காய்ப்புக்கு (புதுமனை புகுவிழாவுக்கு) இரண்டு நாள் முன்பு தரை டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. ஒரு வாரத்தில் கபோர்டு கீல், ராடு, குழாய் எல்லாவற்றிலும் பழுப்புப் படர்ந்துவிட்டது. அந்த ஆவி எந்த எஸ்.எஸ். சாமானையும் கெடுக்கும். தரை கழுவி, வீடு காற்றாடிய பிறகு ராடு மாட்டச் சொல்லுங்கள்.

இனி முனைகள். எது வாங்குவது என்று முடிவு செய்யும்போது நான் கடைசியில் பார்த்தது இதை மட்டும்தான். ராடின் மொத்தப் பாரமும் இரண்டு முனைக்கும் வந்து, அங்கிருந்து ஆறு ஸ்குரூவில் இறங்குகிறது. கபோர்டு வேலையில் கைக்கு எட்டியதெல்லாம் கருப்பு ஸ்குரூதான். ஜிப்சம் பலகைக்கென்று செய்த ஸ்குரூ அது, கடினமாக இருக்கும், வளையாமல் ஒடியும், உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். நல்ல எஸ்.எஸ். ராடும் பிராக்கெட்டும் வாங்கிவிட்டு இதைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் எஸ்.எஸ்.ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிற இரும்பு வழக்கத்தைவிட வேகமாக அரித்துப்போகும். எஸ்.எஸ். ஸ்குரூ என்று கொடுப்பதிலும் 410 என்று ஒரு வகை உண்டு. காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டும், கடலோரத்துக்கு அது ஆகாது.

அக்கா வீட்டு அலமாரியில் பிராக்கெட்டே கிடையாது. இரண்டு பக்கமும் மரக்கட்டை, அதன் மேல்பக்கம் அரைவட்டமாகச் செதுக்கிய பள்ளம், கம்பு அதில் படுத்திருக்கும். இதை ஆசாரியிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு இஞ்சு அகல அயனிக் கட்டையைக் கபோர்டின் அடித்தட்டிலிருந்தே செங்குத்தாக நிறுத்தி, பக்கப் பலகையோடு பசை வைத்து ஒட்டி, தலையில் பள்ளம் எடுத்தார். ராடைத் தூக்கி அதில் வைத்தோம், வேலை முடிந்தது. பாரம் கட்டை வழியாக நேராகத் தரைக்கு இறங்குகிறது. ஸ்குரூ கட்டையை நகராமல் பிடித்தால் போதும், எடையைச் சுமக்க வேண்டியதில்லை. துடைக்க வேண்டும் என்றால் ராடை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். வெயிலில் வைத்து முனைக்குள்ளும் துணி விட்டுத் துடைக்கிறேன்.

நீளத்தைப் பற்றிக் கொஞ்சம். அடிக்கு இத்தனை கிலோ என்று ஒரே மாதிரி துணி தொங்கினால், மூன்றடி ராடைவிட நாலடி ராடு மூன்று மடங்குக்கு மேல் தொய்யும். மூன்றடியைத் தாண்டினால் நடுவில் ஒரு தாங்கி கட்டாயம். எங்கள் நாலடி ராடுக்கு மேல்தட்டிலிருந்து இறங்கும் எஸ்.எஸ். கொக்கி ஒன்று போட்டோம். கபோர்டின் உள் ஆழம் 22 இஞ்சுக்குக் குறைந்தால் ஹேங்கரில் தொங்கும் துணி கதவில் முட்டும், பழைய ஒன்றரை அடி சிலாப் அலமாரிக்கு முன்னால் இழுக்கிற சின்ன ராடுதான் வழி. கைப்பிடியை இழுத்தால் கீழே இறங்கி வரும் ராடைக் கடையில் இயக்கிப் பார்த்ததோடு சரி. அத்தனை மூட்டும் ஸ்பிரிங்கும் உள்ள சாமானைக் குளச்சல் காற்றில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ராடு மாற்றி ஐந்து வருடம் ஆகிறது. மூன்று அறையிலும் ராடு சுத்தமாக இருக்கிறது, கட்டையும் அசையவில்லை. எங்கள் அறையில் நடுக்கொக்கிக்கு ஒரு ஸ்குரூ குறைந்ததால் வீட்டில் கிடந்த ஒன்றை எடுத்துப் போட்டோம். அதன் தலையில் மட்டும் பழுப்பு ஏறியிருக்கிறது. மாற்று ஸ்குரூ வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், ஆடிக்காற்று தொடங்கும் முன் ஆசாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.